இன்டர்வெல் பயிற்சி: இடைவிட்டு ஓடுதல்

பெங்களூரில் கப்பன் பார்க்கிலும் அல்சூர் ஏரிப் பக்கமும் விடிகாலையில் ஓடுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. "இன்னிக்கு இன்டர்வெல்ஸ்" என்று ஒருவர் சொன்னால், அன்று விரட்டி ஓடப்போகிறார் என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். "எட்டு இன்டர்வெல் போட்டேன்" என்றால் எட்டு முறை வேகமாக ஓடினேன் என்று அர்த்தம். வழக்கு அப்படி ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் வேகமான ஓட்டத்துக்கு வைத்த பெயர் இல்லை. இரண்டு வேக ஓட்டங்களுக்கு நடுவில் மூச்சை ஆசுவாசப்படுத்திக்கொள்ளும் நேரத்துக்கு வைத்த பெயர்.

மூலம் லத்தீன். 'இன்டர்' என்றால் நடுவில், 'வல்லும்' என்றால் மண்ணாலும் கழிகளாலும் எழுப்பிய அரண். ரோமானியப் படைமுகாமில் அரணுக்கும் கூடாரங்களுக்கும் நடுவே விட்டுவைத்த வெற்றிடம் 'இன்டர்வல்லும்'. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நேரத்தில் விழும் இடைவெளிக்கும் பெயரானது. நமக்கோ பள்ளிக்கூட மணியிலும் சினிமாக் கொட்டகையிலும் இன்டர்வெல் என்றால் எப்போதும் ஓய்வுதான். அந்த விஷயத்தில் நம் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

ஓட்டப் பயிற்சிக்குள் இந்தச் சொல் நிலைபெற்றது 1930களின் ஜெர்மனியில். வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. 100, 150, 200 மீட்டர் போன்ற சிறு தூரங்களை ஓடி நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்ற வேண்டும். பிறகு 90 விநாடிக்குள் அது 120க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓடியது அதிகம் என்று பொருள். இதயம் வலுப்பெறுவது இறங்கும் அந்த நேரத்தில்தான் என்று அவர்கள் நம்பினார்கள். அதனால்தான் முழுப் பயிற்சிக்கும் ஓய்வின் பெயரையே வைத்தார்கள். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். முந்தைய உலக சாதனையைவிட 1.8 விநாடி குறைவு. 1955 வரை அதை யாராலும் தொட முடியவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஸாடோபெக்கும் இந்த வழிக்காரர்தான். 400 மீட்டர் வேகமாக, நடுவில் 200 மீட்டர் மெதுவாக என்று சலிக்காமல் ஓடிக்கொண்டே இருப்பார்.

இது ஏன் வேலை செய்கிறது? 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் முடிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2008 முதல் பெங்களூரில் நடக்கும் வேர்ல்ட் 10கே பந்தயத்துக்குத் தயாராகும் பலரின் இலக்கு அதுதான். அவரால் 5 கிலோமீட்டரைச் சுமார் 24 நிமிடத்தில் ஓட முடியும்; 800 மீட்டருக்கு 3 நிமிடம் 50 விநாடி. அதே வேகத்தில் ஒரே மூச்சில் 4,800 மீட்டர் ஓடினால் அது பந்தயம் ஓடியது மாதிரிதான், மறுநாள் கால் எழும்பாது. அதையே ஆறு 800 மீட்டராகப் பிரித்து, நடுவே இரண்டு மூன்று நிமிடம் மெல்ல ஓடினால், அதே தூரம், அதே வேகம், ஆனால் உடம்பு தாங்கும். உடல் தன் உச்ச அளவுக்குப் பக்கத்தில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் நிமிடங்கள் கூடுகின்றன. அந்த நிமிடங்களைச் சேர்ப்பதற்குத்தான் இத்தனையும்.

பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பயிற்சியும் தப்பாகிவிடும், இதைக் கண்ணெதிரே பார்க்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் முதல் 800-ஐ 3:35-இல் முடித்தார். நான்காவது 4:05 ஆகிவிட்டது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "நடுவுல எப்படி ஓடினப்பா?"

"வேகம் போயிடக் கூடாதுன்னு இழுத்துப் பிடிச்சுதாண்ணா ஓடினேன்."

"அங்கதான் கெட்டுது. நடுவுல மூச்சு தணியணும். நடந்தாக்கூடத் தப்பில்ல. ஆறும் 3:50-லயே வரணும், அதுதான் கணக்கு."

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களில் 'இடைவெளிப் பயிற்சி' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் தனியாகப் படித்தால், நாள் இடைவெளி விட்டுச் செய்கிற பயிற்சியோ என்று தோன்றும். 'இடைவேளை'யில் வேளை இருப்பதால் நேரப் பொருள் துல்லியமாக வருகிறது. என்றாலும் அது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்காருவதைக் குறித்துப் பழகிய சொல். இங்கே பெரும்பாலும் உட்காருவதில்லை, மெல்லோட்டமாகப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

எனக்குப் பிடித்தது நம் வாயில் தினமும் புரளும் 'இடைவிடாமல்' என்ற சொல்லின் மறுபக்கம். இடைவிடாத மழை, இடைவிடாத பேச்சு என்கிறோம். அதற்கு எதிர்ப்பதம் 'இடைவிட்டு'. விட்டு விட்டு மழை பெய்தது என்று பேச்சிலும் சொல்கிறோம். ஆகவே இடைவிட்டு ஓடுதல், அல்லது இடைவிட்டோட்டம். 'விடு' என்ற வினை இருப்பதால், வேகத்தை விடுவதும் ஓடுகிறவர் செய்ய வேண்டிய வேலை என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. லத்தீன் சொல்லிலும் இந்த வசதி கிடையாது.

அப்புறம், வேகமாக ஓடும் பகுதிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'சுற்று' என்றால் மைதானத்தின் 400 மீட்டர்ச் சுற்றோடு குழம்பும். ஒரே வீச்சில் முடித்தான் என்கிறோமே, அந்த 'வீச்சு' பொருத்தமாக இருக்கும். நடுவில் வருவது 'இடை'. ஸ்வீடன் பயிற்றுநர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் வகுத்த ஃபார்ட்லெக் என்ற ஓட்டப் பயிற்சி இதிலிருந்து வேறு. அதற்கு வேக விளையாட்டு என்று பொருள்; தூரமும் நேரமும் அளக்காமல் மனம்போல் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க வேண்டாம்.

குழுவில் முந்தின இரவு அனுப்பும் செய்தியை இனி இப்படி எழுதலாம்: "நாளை காலை 5:30, கப்பன் பார்க். 15 நிமிடம் மெல்லோட்டம். பிறகு 800 மீட்டர் வீச்சு 6, ஒவ்வொன்றும் 3:50. இடை 3 நிமிடம், மெதுவாக. முடிவில் 10 நிமிடம் மெல்லோட்டம்."