ஜல்லிப் பள்ளம் தண்ணீரை உறிஞ்சுவதில்லை

களிமண் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும், வெயில்கூட அடித்திருக்கும், ஆனால் புல்லில் கால் வைத்தால் சளக்கென்று சத்தம் வரும், எடுக்கும்போது செருப்பு மட்டும் சேற்றிலேயே நின்றுவிடும். செடியில் இலை மஞ்சளாகிறதே, தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறவர்களும் உண்டு. அங்கே வேருக்குத் தாகம் இல்லை, மூச்சு முட்டுகிறது. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் அது பரவும் வேகம் சுமார் 10,000இல் ஒரு பங்குதான். மண்ணின் இடைவெளிகள் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது வேரும் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதற்கு வழக்கமான வைத்தியம் பிரெஞ்சு டிரெயின் (drain), அதாவது ஒரு வடிகால். நீளமாக ஒரு பள்ளம், அதில் ஜல்லி, ஜல்லிக்குள்ளே ஓட்டை போட்ட ஒரு பைப், பைப்பின் கடைசி முனை எங்கேயாவது தாழ்வான இடத்தில் திறந்திருக்கும், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து பிரான்ஸ் என்று நினைக்க வேண்டாம். ஹென்றி ஃப்ளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்க வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர், பண்ணை நிலத்தில் நீர் வடிப்பது பற்றி 1859இல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. (வாஷிங்டனில் லிங்கன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய சிலையை வடித்தது இவருடைய மகன்.) அந்தக் காலத்தில் புதைத்தவை பெரும்பாலும் சுட்ட களிமண் குழாய்கள்தான், இரண்டு குழாய் சேரும் இடத்தில் விட்ட சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். களிமண்ணில் தேங்கிய தண்ணீரை வடிக்கக் களிமண்ணையே சுட்டுப் புதைத்திருக்கிறார்கள்!

சரி, களிமண்ணில் மட்டும் ஏன் இப்படி? தண்ணீர் போக இடமில்லை என்று நினைப்போம். உண்மையில் இடம் தாராளமாக இருக்கிறது. களிமண்ணின் கன அளவில் பாதி வரைக்கும், சிலசமயம் அதற்கு மேலும்கூட வெற்றிடம்தான், மணலில் இருப்பதைவிட அதிகம். ஆனால் மணலில் இருப்பவை பெரிய சந்துகள், களிமண்ணில் இருப்பவை எண்ணிக்கையில் ஏராளமான, கண்ணுக்கே தெரியாத இடுக்குகள். களிமண் துகளின் குறுக்களவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. மெல்லிய குழாயில் ஓடும் தண்ணீருக்கு ஒரு கடுமையான கணக்கு உண்டு: குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாகாது, 16இல் ஒரு பங்காகிவிடும். இன்னொரு பாதியாக்கினால் 256இல் ஒரு பங்கு. மணலிலிருந்து களிமண்ணுக்கு வருவதற்குள் இந்தப் பாதியாக்கல் எத்தனை முறை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, களிமண் துகள்கள் தகடு தகடாக, எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டத்தோடு இருப்பவை, தண்ணீரைத் தங்கள் மேல் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தமான ஜல்லியில் தண்ணீர் ஓடும் வேகத்தையும் கெட்டிக் களிமண்ணில் ஓடும் வேகத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பல லட்சம் மடங்கு. மண்ணுக்குள் ஓட்டத்தைக் கணக்கிடும் விதியை 1856இல் வெளியிட்டவர் ஹென்றி டார்சி, டிஜோன் ஊர்க்காரர். பெயரில் இல்லாத பிரான்ஸ் இயற்பியலில் வந்துவிட்டது.

ஜல்லி தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இழுக்காது, நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். அடியில் இருப்பது வெறும் காற்று, தடை எதுவும் இல்லை, இருந்தும் மிச்சத் தண்ணீர் இறங்காது. இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடியதும் அடியில் தண்ணீரின் அழுத்தம் கூடி, இடுக்குகளின் பிடியை மிஞ்சிவிடுகிறது. களிமண்ணுக்குப் பக்கத்தில் ஜல்லி போட்டாலும் இதே கதைதான். சின்ன இடுக்கில் பிடிபட்ட தண்ணீர் பெரிய சந்துக்குத் தானாகத் தாவாது. எல்லை ஓரத்து மண் முழுக்க நிரம்பி, இனி தாங்காது என்ற நிலை வந்தபிறகுதான் வழியும். இதனால்தான் கனமான களிமண்ணில் பள்ளத்தின் பலன் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் எட்டும். தோட்டத்தின் நடுவே ஒற்றைப் பள்ளம் தோண்டிவிட்டு மொத்தத் தோட்டமும் காய்ந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ஒருவிதத்தில் நல்லதுதான், செடி குடிக்க வேண்டிய ஈரத்தை எந்தப் பள்ளமும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஆகவே களிமண்ணுக்குள் புகுந்துவிட்ட தண்ணீரைத் திரும்பப் பிடுங்குவதைவிட, புகுவதற்கு முன்பே வழிமறிப்பது சுலபம். மேட்டிலிருந்தோ கூரையிலிருந்தோ சிமென்ட் தரையிலிருந்தோ வழிந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கமாக நுழைகிறது என்று ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். அந்தப் பக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வரவேண்டும். மேலே மண் மூடிப் புல் வளர்க்காமல் ஜல்லியைத் தரைமட்டம் வரைக்கும் திறந்தே விட்டால் மேலோடும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். அழகு கொஞ்சம் குறையும், வேலை நன்றாக நடக்கும். என் ஓட்டு ஜல்லிக்குத்தான்.

தோண்டும் முன் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டு மதில் ஓரம் அதற்கான இடம் இல்லை. கடைசியில் ஒரு குழி வெட்டி ஜல்லி கொட்டி அதில் விட்டுவிடலாம் என்பார்கள். மணல் பூமியில் சரி. களிமண்ணில் அப்படிச் செய்தால் ஒரு தொட்டி கட்டியதுதான் மிச்சம். சந்தேகம் இருந்தால் அங்கே ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் அப்படியே நின்றால் அந்த இடம் வேண்டாம். பூமிக்கடியில் கரண்ட் கேபிள், பைப் ஏதும் போகிறதா என்பதையும் இப்போதே விசாரித்துவிட வேண்டும், கடப்பாரை இறங்கியபிறகு அல்ல.

பள்ளம் ஓரடி அகலம், ஒன்றரை முதல் இரண்டடி ஆழம் இருந்தால் பெரும்பாலும் போதும். வாட்டம் முக்கியம்: மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், அதாவது பத்து மீட்டர் நீளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம். கண்ணை நம்பாதீர்கள், டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்) வைத்துப் பாருங்கள். நடுவில் ஓரிடம் தொய்ந்தாலும் அங்கே சேறு படிந்து அடைப்பு ஆரம்பிக்கும். இன்னொன்று, ஈரக் களிமண்ணில் தோண்ட வேண்டாம். நான் அவசரப்பட்டுத் தோண்டினேன். மண்வெட்டி பட்ட பக்கமெல்லாம் குயவர் விரலால் வழித்துவிட்ட பானை மாதிரி பளபளவென்று ஆனது, பார்க்க நேர்த்தியாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. அடுத்த மழையில் பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பள்ளத்துக்குள்ளே ஜல்லி காய்ந்து கிடக்கிறது! அந்தப் பளபளப்பு கொஞ்சநஞ்ச இடுக்குகளையும் மெழுகி அடைத்துவிட்டிருந்தது. ஜல்லியை எல்லாம் வாரி வெளியே போட்டு, தோட்டத்து முள்கரண்டியால் பக்கச் சுவரைக் கீறிவிட்டு மறுபடி நிரப்பினேன். முதுகு ஒரு வாரம் பேசியது.

ஜல்லி முக்கால் இன்ச் அளவில், கழுவியதாக இருக்கட்டும். தூள் கலந்த ஜல்லி போட்டால் அந்தத் தூளே சந்துகளை அடைத்துவிடும். பள்ளத்தின் உட்புறம் முழுக்க ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து அதற்குள் ஜல்லி போட வேண்டும், பைப்பில் மட்டும் துணியைச் சுற்றினால் பரப்பு குறைவு என்பதால் சீக்கிரம் அடைபடும். பைப்பின் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மேலே என்பார்கள், தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது! ஆனால் பள்ளத்துக்குள் வந்த தண்ணீர் முதலில் அடிக்குப் போய், அங்கிருந்துதான் உயரும். கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களைப் போல ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் மட்டம் கொஞ்சம் ஏறியதுமே பைப் வேலையை ஆரம்பித்துவிடும். மேலே பார்த்திருந்தால் பைப் மூழ்கும் உயரம் வரைக்கும் தண்ணீர் எப்போதும் தேங்கியே கிடக்கும்.

எல்லாம் முடிந்தபிறகு முதல் மழைக்கு வெளிவாயிலில் போய் நில்லுங்கள். முதலில் ஒன்றும் வராது, கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டும், அப்புறம் விரல் தடிமனுக்கு ஓடும், மழை விட்டபிறகும் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் கலங்கலாக வருவதில் தவறில்லை, இரண்டு மூன்று மழையில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் டீ நிறத்தில் வந்துகொண்டே இருந்தால் துணியில் எங்கோ கிழிசல், அங்கே மண் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.