பழைய கட்டடம் என்றால் படியோடு திரும்ப வேண்டுமா?

இலங்கையில் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பிராக்களே தொழிலாளர் அருங்காட்சியகமாகியிருக்கின்றன. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகம். வேறு எதற்கோ கட்டிய கட்டடங்கள் இவை. சக்கர நாற்காலியை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லி இன்று ஒருவரை வாசலில் நிறுத்தலாமா?

கூடாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கானது. அதன் 23ஆம் பிரிவின்படி, மற்றவர்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் போக, இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ போட முடியாது. டிக்கெட் எடுக்கும் இடமா, சும்மா போகும் இடமா என்பதெல்லாம் கணக்கில்லை. “துணைக்கு ஆள் வந்தால்தான் விடுவோம்” என்பதும் என் பார்வையில் நிபந்தனைதான்.

சாய்தளம், கழிப்பறை போன்ற விவரங்கள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்கு முதலில் 3 வருட அவகாசம் கொடுத்தார்கள், பிறகு அதையும் நீட்டினார்கள்.

சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். இஸ்தோப்பு (முன் திண்ணை) படி 6 அங்குலம் என்றால் 6 அடி நீளம் வேண்டும். 2 அடி மேடு என்றால் 24 அடி. நம் மலைச் சரிவில் அவ்வளவு இடம் கிடைப்பது லேசில்லை, உண்மைதான். ஆனால் மூன்றடிப் பலகையை அந்த மேட்டில் சாத்திவிட்டு “சாய்தளம் இருக்கிறது” என்பதில் அர்த்தமில்லை. அதில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கம் குடைசாயும்.

“தொல்பொருள் கட்டடம், கைவைக்க முடியாது” என்றும் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தை மாற்றத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சரி. அனுமதி கேட்டீர்களா என்பதுதான் நம் கேள்வி. சுவரைத் தொடாமல் கழற்றி எடுக்கிற மரச் சாய்தளம் போடலாம். மாடிக்கு ஏற வழியே இல்லையென்றால் அங்குள்ள படங்களின் பிரதிகளைக் கீழே வைக்கலாம்.

திருப்பி அனுப்பினால் முதலில் பொறுப்பாளருக்குத் தமிழிலேயே கடிதம் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரச அருங்காட்சியகம் என்றால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இதுவரை என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம், தொலைபேசி எண் 1996. மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்த வருடமும் அதுவே, மறக்காது. தனியார் இடம் என்றால் அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். எங்கே போனாலும் படியை அளவு நாடாவோடு படம் பிடித்துக் கொண்டு போங்கள்.