அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்பான்

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் சலுகைக் கட்டணத்துக்காகத் தட்டும் பேஷன் சில்வர் அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. சாலையைக் கடக்கும் இடத்தில் அதைத் தட்டினால் பச்சை மனிதன், அதாவது நடந்து கடக்கலாம் என்று காட்டும் பச்சை விளக்கு உருவம், இன்னும் சில நொடிகள் நிற்பான். இது தெரியாத மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தும் சிலர், "நம் ஒருத்தருக்காக இத்தனை வண்டி காத்திருக்கணுமா?" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. சிக்னல்கள் எப்படி நேரத்தைப் பங்கு போடுகின்றன என்று பார்த்தால் அது புரியும்.

சிங்கப்பூரின் போக்குவரத்து விளக்குகள் தனித்தனியாக இயங்குபவை அல்ல. கிளைட் என்ற கணினி முறை அவற்றைக் கோத்து நடத்துகிறது. சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் முறையை அடிப்படையாகக் கொண்டு 1988இல் தொடங்கியது அது. இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது.

எந்தப் பக்கம் எத்தனை வண்டி வருகிறது என்று கணினிக்குச் சொல்வது சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள். நிறுத்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தாரை அறுத்துக் கறுப்பாகப் பூசி அடைத்த நீள்சதுரக் கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். வண்டியின் உலோகம் அதன்மேல் வந்ததும் சுருளின் மின்காந்தப் புலம் மாறும். கணினி அதை வைத்துக் கணக்கெடுக்கிறது. கிளைச் சாலையில் யாருமில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பச்சையைக் குறைக்கவோ தாண்டிப் போகவோ செய்யும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் கோட்டுக்கு வெகு பின்னால் தள்ளி நின்றால், நிற்பது கணினிக்குத் தெரியாமல் போகலாம். அந்தக் கறுப்புக் கோட்டின் மேலேயே நிறுத்துவது நல்லது.

சரி, ஒன்றோடொன்று இணைப்பது எப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே 500 மீட்டர். வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தூரத்தைக் கடக்க 36 நொடி ஆகும். ஆகவே முதல் சந்திப்பில் பச்சை விழுந்து 36 நொடி கழித்து இரண்டாவதில் பச்சை விழ வேண்டும். அப்போது கூட்டமாகக் கிளம்பிய வண்டிகள் பிரேக் போடாமலே தாண்டிவிடும். இப்படி வரிசையாக நான்கைந்து சந்திப்புகளைக் கோத்தால் அதைப் பச்சை அலை என்பார்கள். இதற்கு எல்லாச் சந்திப்புகளின் சுற்றும், அதாவது ஒரு பச்சை விழுந்து அடுத்த பச்சை விழும்வரை ஆகும் நேரமும், பொருந்தி வரவேண்டும். ஒன்றில் 100 நொடியும் அடுத்ததில் 90 நொடியுமாக ஓடினால் சில சுற்றுகளிலேயே அலை கலைந்துவிடும்.

இங்கேதான் பலரும் கோபப்படும் ஒரு விஷயம் வருகிறது. "எதிர்ப்பக்கம் மட்டும் தடையில்லாமல் போகிறது, எனக்கு ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு." அதே கணக்கைத் தொடர்வோம். சுற்று 100 நொடி, அதில் இந்தச் சாலைக்குப் பச்சை 50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசை வண்டி இரண்டாவது சந்திப்பிலிருந்து 36ஆவது நொடியில் கிளம்பி, முதலாவதை 72ஆவது நொடியில் அடையும். அங்கே பச்சை 50ஆவது நொடியிலேயே முடிந்திருக்கும். ஆக, இன்னும் 28 நொடி நிற்கத்தான் வேண்டும். இரு திசைக்கும் அலை கிடைப்பது தூரமும் சுற்றும் தற்செயலாகப் பொருந்தும் இடங்களில்தான். மற்ற இடங்களில் எந்தத் திசையில் கூட்டம் அதிகமோ அதற்கே முதலிடம். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று அது மாறும். இது குறைபாடு அல்ல. ஒரே சுற்றுக்குள் இருக்கும் நொடிகளைப் பங்கு போடுவதில் வேறு வழியில்லை.

அந்தப் பங்கில் நடந்து போகிறவருக்கும் இடம் உண்டு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், கோரிக்கை பதிவாகிவிடும். பத்து முறை அழுத்தினாலும் பச்சை மனிதன் முன்னதாக வரப்போவதில்லை. அப்புறம், மின்னி மின்னி நொடிகள் குறையத் தொடங்கியபின் புதிதாகச் சாலையில் இறங்கக்கூடாது. அந்த நேரம் ஏற்கெனவே இறங்கியவர் கரை சேர்வதற்கு.

அந்த நொடிகள் எல்லாருக்கும் போதுவதில்லை. முழங்கால் வலியோடு சந்தைப் பையையும் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு பாட்டி, நடுத்திட்டை அடைவதற்குள் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதற்காகத்தான் 2009இல் கிரீன் மேன் பிளஸ் திட்டம் வந்தது. வழக்கமான பொத்தானுக்கு மேலே ஓர் அட்டை வாசிப்புக் கருவி இருக்கும். அதில் அட்டையைத் தட்டினால் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை கூடுதலாகக் கிடைக்கும். மூத்தோருக்கான சலுகை அட்டை வைத்திருப்பவர்களும், உடற்குறையுள்ளோருக்கான சலுகை அட்டை வைத்திருப்பவர்களும் தட்டலாம். அட்டையிலிருந்து பணம் எதுவும் பிடிக்கப்படாது. 1,000க்கும் மேற்பட்ட கடக்கும் இடங்களில் இந்தக் கருவி இருக்கிறது. எல்லாச் சந்திப்புகளிலும் இல்லை என்பதால், நீங்கள் வழக்கமாகக் கடக்கும் இடத்தில் பொத்தானுக்கு மேல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டிகள் காத்திருப்பதைப் பற்றிய தயக்கத்துக்கு வருவோம். கூடுதல் நொடிகள் ஒவ்வொரு சுற்றிலும் சேர்வதில்லை, யாராவது தட்டினால் மட்டுமே சேர்கின்றன. வண்டிகள் சில நொடி அதிகம் நிற்கும், உண்மைதான். ஆனால் வண்டிகளின் வருகையை அளந்து நேரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு முறை, பிந்திய சுற்றுகளில் அதைச் சரிசெய்துகொள்ளும். முழு நாளைக்கும் எல்லாருக்கும் நேரத்தை நீட்டுவதைவிட, தேவைப்படும்போது தேவைப்படுபவருக்கு நீட்டுவதுதான் போக்குவரத்துக்கும் நல்லது. எனவே வீட்டில் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ இருந்தால், அடுத்த முறை கூடப் போகும்போது அட்டையை எங்கே தட்டுவது என்று நேரில் காட்டிக் கொடுங்கள். சொன்னால் மறந்துவிடும், ஒருமுறை தட்டிப் பார்த்தால் பழகிவிடும்.

கருவி வேலை செய்யவில்லை என்றாலோ, கூடுதல் நேரமும் போதவில்லை என்றாலோ, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு நேரடியாகவோ ஒன்சர்வீஸ் செயலி மூலமோ தெரிவிக்கலாம். சந்திக்கும் இரண்டு சாலைகளின் பெயர், எந்தப் பக்கத்துக் கம்பம், என்ன நேரம் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஒரே சந்திப்பில் பல கம்பங்கள் இருக்கும். எந்தக் கம்பம் என்று சொல்லாவிட்டால் பழுதுபார்க்க வருபவர் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்.