இன்டர்சேஞ்ச்: கவனம் வேண்டியது வண்டிகள் சேரும் இடத்தில்

இரண்டு நெடுஞ்சாலைகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கடக்கவிட்டு, கிளைப்பாதைகளால் இணைக்கும் இன்டர்சேஞ்ச் கட்டி முடித்ததும், "இனி சிக்னல் கிடையாது, நிற்காமலே போகலாம்" என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். சாலை வடிவமைப்பில் இருக்கிற எனக்கு அந்த ‘நிற்காமல்’ என்பதில்தான் கவலை.

நான்கு பக்கச் சாலைகளும் சமதளத்தில் கூடும் சாதாரணச் சந்திப்பில், வண்டிகள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அதில் 16, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்கள். மோசமான விபத்துகள் இங்கேதான் நடக்கும். ஒரு சாலையை மேலே தூக்கி, லூப்பும் (வட்டமாகச் சுற்றும் இணைப்புப் பாதை) ராம்ப்பும் (ஏறி இறங்கும் சரிவுப் பாதை) போட்டால் இந்த வெட்டும் இடங்கள் ஒழிந்துவிடும். வண்டிகள் சேரும் இடமும் பிரியும் இடமும் ஒழியாது.

நான்கு மூலையிலும் லூப் வைத்து, மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ் இலை போலத் தெரியும் க்ளோவர்லீஃப் மேம்பாலத்தைப் பாருங்கள். ஒரு லூப்பிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிறவரும், அடுத்த லூப்பில் இறங்கப் போகிறவரும் ஒரே குட்டையான தூரத்துக்குள் இடம் மாறியாக வேண்டும். ஒருவர் வேகத்தைக் கூட்டுகிறார், மற்றவர் குறைக்கிறார். அதனால்தான் நெரிசல் மிகுந்த இடங்களில் இந்த இடமாற்றத்தை மெயின் ரோட்டிலிருந்து பிரித்துத் தனிப்பாதையில் விடுகிறோம். அல்லது லூப்பே வேண்டாமென்று உயரமான நேரடி ராம்ப் கட்டுகிறோம். அமெரிக்காவின் முதல் க்ளோவர்லீஃப், 1929இல் நியூ ஜெர்சியின் உட்பிரிட்ஜில் வந்தது. அதையும் பிற்காலத்தில் வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்புறம், வளைவு. சுமார் 50 மீட்டர் ஆரமுள்ள லூப்பில் பத்திரமான வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். 100இல் வரும் வண்டி 40க்கு இறங்க, தன் இயக்க ஆற்றலில் 84 சதவீதத்தை இழக்க வேண்டும். அதற்குத்தான் வெளியேறும் இடத்தில் தனி லேன் நீளமாக விடுகிறோம். மெயின் ரோட்டிலேயே பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் இடிப்பார். வளைவுக்குள் நுழைந்த பிறகு போடலாமென்று இருந்தால், உயரமாகச் சுமை ஏற்றிய லாரியோ டேங்கரோ சாய்ந்துவிடும். ஏறும்போதும் இதே போலத்தான். இணையும் லேனின் முழு நீளத்தையும் ஓட்டி, வேகம் எடுத்துச் சேருங்கள். அதன் நுனியில் போய் நின்றுவிட்டுப் பாய வேண்டாம்.

வழியைத் தவறவிட்டீர்களா? சரி, அடுத்த வெளிவழி வரை போய்த் திரும்புங்கள். தயவுசெய்து ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ராம்ப் பிரியும் இடத்தில் கோடு போட்ட முக்கோணத்தில் நிறுத்தி மேப் பார்க்கவும் வேண்டாம். கடைசி நொடியில் தடுமாறும் வண்டி வந்து சேருவது அந்த இடத்துக்குத்தான்.