மழை தின்ற ஓவர்களின் விலை

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1997 ஏப்ரலில் கோலாலம்பூரில் ஐசிசி கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்தபோது, இரண்டாம் சுற்றில் வங்காளதேசமும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டத்தை ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் திடலில் நேரில் பார்த்தவர். நெதர்லாந்து 171 ரன். பதிலுக்கு ஆடிய வங்காளதேசம் 15 ரன்னுக்குள் 4 விக்கெட்டைப் பறிகொடுத்தது. பிறகு மழை. மழை விட்டதும் இலக்கு மாறியது: 33 ஓவரில் 141. "50 ஓவருக்கு 171 என்றால் 33 ஓவருக்கு 113 போதுமே? மிச்சம் 28 ரன்னை எந்தக் கணக்கில் அவர்கள் தலையில் கட்டினார்கள்?" என்று கேட்கிறார். இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த கேள்வியாம்.

அருமையான கேள்வி. அந்த 28 ரன்னுக்குள் நான் மிகவும் நேசிக்கும் ஒரு கணிதம் இருக்கிறது. முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போட்டிக்கு வந்தவை 22 அணிகள். 1999 உலகக் கோப்பைக்குச் செல்ல மூன்றே இடங்கள். முதல் சுற்றைக் கடந்த எட்டு அணிகள் நான்கு நான்காகப் பிரிந்து இரண்டாம் சுற்றில் ஆடின. பிரிவுக்கு இரண்டு அணிகள் அரையிறுதிக்குப் போகும். வங்காளதேசத்தின் பிரிவில் அயர்லாந்து, நெதர்லாந்து, ஹாங்காங். அயர்லாந்தை 129 ரன்னில் சுருட்டியும் பயனில்லை. மழை வந்து ஆட்டம் முடிவில்லாமல் போனது, புள்ளி இரண்டாகப் பிரிந்தது. அதனால் நெதர்லாந்து ஆட்டம் வாழ்வா சாவா என்றாகிவிட்டது. அணித்தலைவர் அக்ரம் கான் ஆட்டமிழக்காமல் 68 அடித்து 3 விக்கெட் வித்தியாசத்தில் கரைசேர்த்தார்.

ஏப்ரல் மாதத்துக் கோலாலம்பூர் மழையை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலை வெயில் நிலத்தைக் காய்ச்சும், மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், தித்திவங்சா மலைத்தொடர் அதை மேலே ஏற்றிவிடும், பிற்பகலில் இடியோடு கொட்டும். ஒருநாள் ஆட்டமோ காலையில் தொடங்குவது. ஆகவே நம் ஊரில் மழை பெரும்பாலும் இரண்டாவதாக ஆடும் அணியின் நேரத்தைத்தான் பறிக்கும். வாசகரின் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

பழைய நாளில் இதற்கு வகுத்தல் கணக்குதான். ஓவருக்கு எத்தனை ரன் என்று பார்த்து, மிஞ்சிய ஓவரால் பெருக்குவார்கள். இரண்டாவதாக ஆடுபவருக்கு இது கொண்டாட்டம்: பத்து விக்கெட்டும் கையில் இருக்க, பாதி ஓவரில் பாதி ரன் எடுப்பது யாருக்கும் எளிது. இதைச் சரிசெய்ய வந்த இன்னொரு விதி, முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழித்துவிட்டு இலக்கு வைத்தது. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் அது செய்த கொடுமை தெரிந்ததே. இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. கொஞ்ச நேர மழை. திரும்பி வந்தால் ஒரே பந்தில் 21! தாங்கள் கட்டுக்கோப்பாகப் பந்துவீசிய ஓவர்களே அவர்களுக்கு எதிராகத் திரும்பின.

அந்த 1992-லேயே இங்கிலாந்தின் புள்ளியியலாளர் ஃபிராங்க் டக்வொர்த் இதற்கு ஒரு தீர்வை அரச புள்ளியியல் கழகத்தின் மாநாட்டில் முன்வைத்தார். அணுமின் துறையில் பணிபுரிந்தவர். பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டோனி லூயிஸ் அவரோடு சேர்ந்தார். 1997 சனவரி 1-ஆம் நாள் ஹராரேயில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டத்தில் அவர்கள் முறை முதன்முதலாகச் சர்வதேசக் களத்துக்கு வந்தது. நான்காம் மாதம் கோலாலம்பூர். ஆக, நம் வாசகர் பார்த்தது பிறந்து சில மாதங்களே ஆன ஒரு கணிதத்தை.

இனி நிதானமாகப் போவோம்.

டக்வொர்த்தும் லூயிஸும் கேட்டது இதுதான்: ஒரு அணி ரன் எடுப்பதற்கு அதன் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? ஓவர் இருக்கிறது, விக்கெட் இருக்கிறது. பழைய விதிகள் ஓவரை மட்டும் எண்ணின. இவர்கள் இரண்டையும் பிணைத்து ஒரே எண்ணாக்கினார்கள். 50 ஓவரும் 10 விக்கெட்டும் முழுதாக இருந்தால் வளம் 100 விழுக்காடு. ஓவர் குறையக் குறைய, விக்கெட் விழ விழ அது இறங்கும். எப்படி இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2002-இல் வெளியிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். பத்து விக்கெட்டும் கையில் இருக்கும்போது 50 ஓவர் மீதம் என்றால் 100, 40 என்றால் 89.3, 30 என்றால் 75.1, 20 என்றால் 56.6, 10 என்றால் 32.1. இந்த எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். 50-லிருந்து 40-க்கு வரும்போது போவது 10.7. அடுத்த பத்து ஓவருக்கு 14.2, அதற்கடுத்து 18.5, பிறகு 24.5, கடைசிப் பத்துக்கு 32.1. விக்கெட் விழாமல் இருந்தால், கடைசிப் பத்து ஓவர் முதல் பத்தைப் போல மூன்று மடங்கு மதிப்புடையது. எல்லா ஓவரும் ஆறு பந்துதான், ஆனால் எல்லாம் ஒரே எடையில்லை. வகுத்தல் கணக்கு சறுக்கியது இந்த இடத்தில்.

இதற்குப் பின்னால் இருப்பது ஓர் அடுக்குக்குறி வளைவு. கதிரியக்கச் சிதைவுப் பாடத்தில் வருகிறதே, அந்தக் குடும்பம். ஓவர் கூடக் கூட ரன் கூடும், ஆனால் கூடும் வேகம் தணிந்துகொண்டே போய் ஓர் உச்சவரம்பைத் தொட முயலும். அந்த உச்சவரம்பை முடிவு செய்வது விக்கெட். ஒவ்வொரு விக்கெட் நிலைக்கும் ஒரு வளைவு வரைந்தார்கள். பத்து விக்கெட் உள்ளவரின் வளைவு நெடுந்தூரம் ஏறும். இரண்டு விக்கெட் உள்ளவரின் வளைவு சட்டென்று எழுந்து சட்டென்று படுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அட்டவணையில் அந்த இரண்டு விக்கெட்டுக்கான நெடுவரிசைதான். 8 விக்கெட் போய்விட்ட அணிக்கு 50 ஓவர் மீதமிருந்தால் வளம் 11.9. 40 ஓவர் இருந்தாலும் 11.9. 30 இருந்தாலும், 20 இருந்தாலும் அதே 11.9! மாதக் கடைசியில் சட்டைப்பையில் பத்து ரிங்கிட்தான் இருக்கிறது என்றால், சம்பள நாளுக்கு இருபது நாள் இருந்தாலென்ன, ஐம்பது நாள் இருந்தாலென்ன, செலவழிக்கக் கூடியது பத்து ரிங்கிட்தான். அட்டவணையின் மறுமூலையில் இதற்கு நேர் எதிரானது நடக்கிறது. 5 ஓவரே மிச்சம் என்னும்போது 10 விக்கெட் இருந்தால் 17.2, 6 விக்கெட் இருந்தால் 16.1. நான்கு ஆட்டக்காரர்கள் போயும் ஒரு விழுக்காடுதான் இறங்குகிறது, ஏனென்றால் அந்த ஐந்து ஓவருக்குள் அவர்கள் தேவைப்படப் போவதே இல்லை. எது அருகிப்போகிறதோ அதுதான் விலையை நிர்ணயிக்கிறது. இந்த இரண்டு மூலைகளையும் ஒரே சூத்திரம் இயல்பாகப் பிடித்துவிடுகிறது. முதல்முறை இதைப் பார்த்த அன்று அட்டவணையை மூட எனக்கு மனம் வரவில்லை.

இனி வாசகரின் கணக்கு. எதிரணி 171 எடுத்திருக்கிறது. 30 ஓவர் மீதமிருக்கும்போது மழை வந்து 10 ஓவரைத் தின்றுவிட்டது என்று வையுங்கள். விக்கெட்டே விழாத அணி இழப்பது 75.1-க்கும் 56.6-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 18.5. மிச்ச வளம் 81.5; 171-இல் அத்தனை விழுக்காடு 139 சொச்சம், இலக்கு 140. நான்கு விக்கெட் போன அணிக்கு 54.1 என்பது 44.6 ஆகிறது; இழப்பு 9.5 மட்டுமே, இலக்கு 155. எட்டு விக்கெட் போன அணி எதையும் இழக்கவில்லை. அதற்கு இலக்கு பழைய 172-ஆகவே நிற்கும்! அதே மழை, அதே பத்து ஓவர், மூன்று விலை. வகுத்தல் கணக்கோ மூன்று பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 137 என்று கொடுத்திருக்கும்.

வங்காளதேசம் இதில் இரண்டாவது வகை. மழை பறித்தது 17 ஓவர், மூன்றில் ஒரு பங்கு. ஆனால் நான்கு விக்கெட்டை ஏற்கெனவே இழந்திருந்ததால், அந்த 17 ஓவரிலும் அவர்கள் எடுத்திருக்கக்கூடிய ரன் அதிகமில்லை. வெல்ல 141 என்றால், சமன் செய்ய 140. 171-இல் 140 என்பது ஏறக்குறைய 82 விழுக்காடு. ஆக, அவர்கள் இழந்த வளம் 18 விழுக்காடுதான். விக்கெட் இழந்தவர்களை மழையைக் காட்டி மேலும் தண்டிப்பதாக இது தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 15 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்த நெதர்லாந்துப் பந்துவீச்சாளர்களின் உழைப்பை மழை கழுவிக்கொண்டு போகாமல் காத்த கணக்கு இது. மழைக்கு முன் யார் கை எவ்வளவு ஓங்கியிருந்ததோ, மழைக்குப் பின்னும் அவ்வளவே ஓங்கியிருக்க வேண்டும். அந்த நியாயத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

அதே போட்டியின் இறுதியாட்டம் கிலாட் கிளப் திடலில் நடந்தது. கென்யாவின் ஸ்டீவ் டிக்கோலோ 147 அடிக்க, அந்த அணி 7 விக்கெட்டுக்கு 241. மழையால் வங்காளதேசம் மறுநாள்தான் ஆடியது. 25 ஓவரில் 166 இலக்கு. இங்கே விக்கெட் எதுவும் விழவில்லை, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஓவர் பாதியாகிவிட்டது. அப்படியும் இலக்கு பாதியாகவில்லை, ஏனென்றால் பத்து விக்கெட்டோடு கிடைக்கும் 25 ஓவர், முழு வளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஆட்டம் கடைசிப் பந்து வரை போய், மட்டையில் படாமல் ஆட்டக்காரரின் உடலில் பட்டுக் கிடைத்த ஒரு ரன்னில் (லெக் பை) முடிந்தது. வகுத்தல் முறைப்படி 121 என்று வைத்திருந்தால் அந்தக் கடைசி ஓவரே நமக்குக் கிடைத்திருக்காது. 2002 அட்டவணைப்படி 25 ஓவருக்கு 66.5 விழுக்காடு; அதே ஆட்டத்துக்கு அந்த அட்டவணையில் இலக்கு 161 ஆகியிருக்கும். புதிய ஆட்டங்களின் தரவு வர வர எண்களைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 2014-லிருந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் ஸ்டெர்ன் பொறுப்பேற்று, மிகப் பெரிய ரன் குவிப்புகளுக்கும் பொருந்தும்படி வளைவை மாற்றினார். அதனால்தான் இப்போது டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை என்று மூன்று பெயரும் சேர்ந்து வருகிறது. கேரளப் பொறியாளர் ஜெயதேவன் தனியாக ஒரு முறையை உருவாக்கினார். இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊரில் திறந்தவெளி விழா என்றால் மிளகாயையும் வெங்காயத்தையும் ஈர்க்குச்சியில் குத்தித் தரையில் நட்டு மழையை நிறுத்தப் பார்க்கிறோம். மழை நிறுத்தும் போமோ என்னும் மலாய் மந்திரவாதிக்குப் பணமும் கொடுக்கிறார்கள். விழா நடத்துபவரின் பதற்றம் எனக்குப் புரியும். திருமணப் பந்தலில் தண்ணீர் இறங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் பத்துக் கிலோமீட்டர் உயரம் எழும் இடிமேகத்துக்கு ஈர்க்குச்சி தெரியாது. மழையைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அது பறித்ததை நேர்மையாக அளக்க முயன்ற இரண்டு கணிதர்கள்தான் விளையாட்டைக் காப்பாற்றினார்கள். "இந்தக் கணக்கைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று புள்ளியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் நம் வீடுகளில் கேட்கிறோம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். எங்கே பயன்படும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொன்னால் இப்படிப்பட்ட வேலைகள் தொடங்கவே மாட்டா. நம் கழகங்களின் பழைய ஸ்கோர் புத்தகங்களை ஒரு மாணவர் கணினியில் ஏற்றி, நம் திடல்களுக்கு ஏற்ற வளைவை வரைய முன்வந்தால், அதற்கு ஒரு சிறிய உதவித்தொகை கொடுப்பது நல்ல செலவு.

2025-இல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான இருபது ஓவர் உலகக் கோப்பை மலேசியாவுக்கு வந்தது. கிள்ளான் பாயுமாஸ் ஓவல் திடலிலும் ஆட்டங்கள் நடந்தன. அங்கும் இரண்டாம் சுற்றாக 'சூப்பர் சிக்ஸ்' இருந்தது, அங்கும் மழை வந்தது. இருபது ஓவர் ஆட்டத்துக்கும் அதே பழைய அட்டவணை பொருந்தும். அதன் வால்பகுதியை மட்டும் எடுத்தால் போதும். 20 ஓவரும் 10 விக்கெட்டும் என்றால் 56.6, அதையே முழு வளமாகக் கொள்ளுங்கள். பத்து ஓவருக்கு 32.1, அதாவது முழுமையில் 57 விழுக்காடு. 50 ஓவர் ஆட்டத்தில் பாதி ஓவருக்கு 66.5 வந்ததே, இங்கே ஏன் குறைவு? இருபது ஓவருக்குள் பத்து விக்கெட்டும் தீர்ந்துபோவது அரிது என்பதால், விக்கெட்டின் பிடி தளர்ந்து ஓவரின் பிடி இறுகுகிறது.

வார இறுதிகளில் தாமான் திடல்களில் இருபது ஓவர் ஆடுபவர்கள் இதைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆடியவர்கள் 20 ஓவரில் 120 எடுத்தார்கள், இடைவேளையில் மழை. மிஞ்சியது 10 ஓவர் என்றால் 120-ஐ 32.1-ஆல் பெருக்கி 56.6-ஆல் வகுங்கள்: 68 வரும், இலக்கு 69. மிஞ்சியது 5 ஓவர்தான் என்றால் 17.2-ஆல் பெருக்குங்கள்: 36 சொச்சம், இலக்கு 37. வகுத்தல் முறையில் வரும் 61-ஐயும் 31-ஐயும் இரண்டாவதாக ஆடும் அணி விரும்பும். முதலில் ஆடியவர்களிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.