வாஷ்ட் அப்: கரை ஒதுங்கியவரா, மவுசு போனவரா?

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் நடிகர் பாத்திரமான ட்ராய் மெக்ளூரைக் 'கரை ஒதுங்கிய நடிகர்' என்று எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அவரை 'வாஷ்ட் அப்' (washed up) நடிகர் என்பார்கள், அதாவது ஒரு காலத்தில் பேர்போனவர், இப்போது தேடுவாரில்லை. அலை அடித்துக் கரையில் ஒதுங்கியதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அந்தப் பொருளை எடுத்துக்கொண்டுதான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இது தவறு.

நடிகரைச் சொல்லும் 'வாஷ்ட் அப்', 1920களில் அமெரிக்க நாடகக்காரர்களிடம் புழங்கிய சொல். வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கிளம்புவதிலிருந்து வந்தது என்பது அகராதிகள் தரும் விளக்கம். வேலை முடிந்தது, ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். கடலும் அலையும் இதில் எங்கேயும் இல்லை.

சரி, மூலத்தில் கடல் இல்லாவிட்டால் என்ன, தமிழில் பொருத்தமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பொருந்தவே இல்லை என்பதுதான் என் வழக்கு. தமிழில் கரை ஒதுங்குவது எது? செத்த திமிங்கிலம், உடைந்த படகு, அடையாளம் தெரியாத சடலம். செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் அதுதான் முதலில் கண்ணில் நிற்கும். இன்னொரு பக்கம், கரை என்பது நமக்கு நல்ல இடம். கடனிலிருந்து கரையேறினான், பெண்ணைக் கரை சேர்த்தார் என்கிறோம். வீழ்ந்தவனைச் சொல்ல, மீண்டவனைச் சொல்லும் படிமத்தை எடுக்கலாமா?

'ஒதுங்கிய' என்பது அதைவிட மோசம். சினிமாவை விட்டு ஒதுங்கினார் என்றால் அவராகவே விலகினார் என்று பொருள். மெக்ளூர் எங்கே விலகினார்? 1991இல் முதன்முதலாகத் தலைகாட்டியதிலிருந்து கிடைத்ததையெல்லாம் செய்தார்: டெலிஷாப்பிங் விளம்பரம், பள்ளிக்கூடத்தில் போடும் பாடப்படம், சிறப்பு நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குவது. இறைச்சி உண்பதை ஆதரித்து வகுப்பில் காட்டும் ஒரு பிரசாரப் படத்திலும் அவர்தான். 1996இல் வந்த ஒரு பகுதியில், கெட்டுப்போன பெயரைத் தேற்றிக்கொண்டு மறுபடி பட வாய்ப்பு பிடிப்பதற்காகவே செல்மா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். இந்த ஆளையா 'ஒதுங்கியவர்' என்பது?

'முன்னாள் நடிகர்' என்பதும் ஆகாது. முன்னாள் அமைச்சருக்குப் பதவி இல்லை. மெக்ளூரோ தொடரில் வரும்போதெல்லாம் கேமரா முன்னால்தான் நிற்கிறார். கோடம்பாக்கத்தில் சொல்லும் 'ஃபீல்ட் அவுட்'டும் அப்படித்தான், ஆளையே களத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. 'மார்க்கெட் போன நடிகர்' எவ்வளவோ தேவலை, எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் அது தயாரிப்பாளர் போடும் சம்பளக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

என் தேர்வு 'மவுசு போன நடிகர்'. ஆள் இருக்கிறார், வேலையும் இருக்கிறது, கிராக்கிதான் இல்லை. பழைய மவுசு இப்போது இல்லை என்று பாட்டி முதல் பேத்தி வரை சொல்கிற பேச்சு. கட்டுரை நடை வேண்டுமானால் 'புகழ் மங்கிய நடிகர்' என்று எழுதலாம். மவுசு தூய தமிழ்ச் சொல்லா என்று சண்டைக்கு வருவோருக்கு ஒன்று சொல்வேன்: தூய சொற்களை மட்டும் கோத்துச் செய்ததுதான் 'கரை ஒதுங்கிய'. தூய்மை அதைக் காப்பாற்றவில்லையே!

மொழிபெயர்ப்பாளர்களின் கோளாறு ஒரு சொல்லோடு போவதில்லை. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் மனதில் எழும் படத்தைத் தமிழில் வரைகிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. மெக்ளூர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னின்ன படங்களில் நடித்த என்னை 'உங்களுக்கு நினைவிருக்கலாம்' என்பார். அதை 'உங்களுக்கு என்னைத் தெரியும்' என்று போட்டால் அது உச்ச நட்சத்திரத்தின் பேச்சாகிவிடும். நினைவிருக்கும் என்று அடித்துச் சொல்ல அவரால் முடியாது. நினைவில்லாமலும் போகலாம் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் மெக்ளூருக்குக் குரல் கொடுத்த ஃபில் ஹார்ட்மன் அந்த வரியைப் பேசிய குரலில் தயக்கம் துளியும் கிடையாது, சிரித்த முகத்தோடு கணீரென்று வரும். 1998இல் ஹார்ட்மன் இறந்ததும், வேறொருவரைப் பேசவைக்காமல் அந்தப் பாத்திரத்தையே நிறுத்திக்கொண்டார்கள். மெக்ளூருடைய 'நினைவிருக்கலாம்' என்பதில் வரும் அந்த 'லாம்' விகுதியைத் தமிழில் தொலைத்துவிட்டு, அடைமொழிக்கு மட்டும் கடற்கரை வரை போவானேன்?