ஸ்போக் வீலுக்கு அகல டயரா? முதலில் ஹப்பைப் பாருங்கள்

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஸ்போக் வீல் போட்டு, கொஞ்சம் அகலமான டயர் மாட்டலாமா?" என்றுதான். மாட்டலாம். ஆனால் டயர் பேச்சை எடுக்கும் முன் நான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைப் பார்ப்பேன்.

இந்த வீலுக்கு நான்கைந்து போல்ட்டுகள் கிடையாது. ஹப்பின் மேல் வரிவரியாகப் பற்கள், வீலின் நடுத்துளைக்குள் அதற்கு ஏற்ற பற்கள். இரண்டும் கோத்துக்கொண்டதும் ஒரே ஒரு பெரிய நட்டு வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. எஞ்சின் இழுப்பும் பிரேக் பிடிப்பும் அந்தப் பற்கள் வழியாகத்தான் போகின்றன. அவை கத்தி முனைபோல் கூராகத் தேய்ந்திருந்தாலோ, ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுக்கும்போது 'டக்' என்று கேட்டாலோ சந்தேகப்படுங்கள். தேய்ந்த ஹப்பில் புது வீலை மாட்டினால் அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும். அகல டயரின் கூடுதல் பிடிப்பு இந்தப் பற்களையும் ஸ்போக்குகளையும் இன்னும் சோதிக்கும்.

ஒருமுறை ஒரு கார் வந்தது. எத்தனை தடவை இறுக்கினாலும் முன்வீல் நட்டு தளர்ந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால், இடது ஹப் வலதிலும் வலது ஹப் இடதிலும்! காரின் இடப்பக்கம் வலது மரை (கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகுவது), வலப்பக்கம் இடது மரை (எதிர்த்திசையில் இறுகுவது) இருக்க வேண்டும். அதாவது, வீல் முன்னோக்கி உருளும் திசையில் திருப்பினால் நட்டு கழல வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் ஓட ஓட நட்டு இறுகுவது அதனால்தான்.

சரி, டயருக்கு வருவோம். எம்.ஜி.பி.யின் 14 அங்குல ஸ்போக் வீலில் வழக்கமானது 4.5 அங்குல அகலம், 60 ஸ்போக். அதில் 165 மி.மீ. அகல டயரே போதும் என்பது என் கட்சி. 185/70 (185 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம்) உட்காரும், ஆனால் பக்கச்சுவர் பிதுங்கி வளைவில் தள்ளாடும். 185 வேண்டுமென்றால் 5.5 அங்குல, 72 ஸ்போக் வீலுக்குப் போங்கள். வெளிவிட்டம் பெரிதாக மாறாது, ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றாது. ஸ்டியரிங் மட்டும் நிறுத்தும்போது கனக்கும்.

அதற்கு மேல் அகலம் போனால் பின்பக்கம் மட்கார்டு உரசும். ஸ்போக் வீல் கார்களின் பின் ஆக்ஸில், போல்ட் வீல் கார்களுடையதைவிடக் குட்டை. போல்ட் ஆக்ஸிலிலேயே அடாப்டர் (ஸ்போக் வீலை மாட்ட உதவும் இடைத்துண்டு) வைத்து மாற்றிய வண்டியில் வீல் இன்னும் வெளியே தள்ளி நிற்கும். இடைவெளி பார்க்கும்போது வண்டியில் இருவரை ஏற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், இந்த வண்டிகளில் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஸ்போக் முனைகள் ரிம்மைத் துளைத்து வருவதால், சீல் செய்த வகை அல்லாத வீலுக்கு டியூப் கட்டாயம். அந்த முனைகள் டியூப்பைக் குத்தாமல் தடுக்கும் ரிம் நாடாவையும் மறக்காதீர்கள். புது டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், டியூப்பை அறுத்துவிடும்.

மாட்டும்போது பற்களிலும் மரையிலும் கிரீஸ் தடவி, நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்குங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நான்கு நட்டுகளையும் மறுபடி தட்டிப் பாருங்கள்.